அழித்த இடம் எங்கே போகிறது? – வன்தட்டு இடத்தை மீட்ட வரலாறு

கணினியில் ஒரு கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டால் அந்த இடம் காலியாகிவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். வீட்டுக் கணினியைப் பொறுத்தவரை அது ஓரளவு சரிதான். ஆனால் கல்லூரிகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள் போன்ற இடங்களில் ஒரே பெரிய சேமிப்பகத்தைப் பல மெய்நிகர் கணினிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அங்கே ஒருவர் அழித்த இடம் தானாக அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதில்லை. அழித்தவர் பெயரிலேயே முடங்கிக் கிடக்கும். சேமிப்பகம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வரும். புதிய வட்டு வாங்கப் பணம் கேட்டுக் கடிதம் போகும். உள்ளே பார்த்தால் பாதி இடத்தில் யாருக்கும் வேண்டாத பழைய குப்பை!

இது ஏன் இப்படி ஆனது, இதைச் சரிசெய்ய எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் தொழில்நுட்பம் வரும். ஆனால் அடிப்படை விஷயம் மிக எளிது. "எனக்கு இது இனி வேண்டாம்" என்று மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் போனது. அவ்வளவுதான்.

படி, எழுது – இரண்டே கட்டளைகள்

1956-ல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில்தான் முதல் வன்தட்டு வந்தது. 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள், மொத்தம் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளளவு. இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அந்த இடத்தை அடைத்துவிடும். அன்று முதல் வட்டுக்கும் கணினிக்கும் இடையே முக்கியமான பேச்சு இரண்டே இரண்டுதான். "இந்த எண்ணுள்ள கட்டத்தில் இருப்பதைப் படித்துக் கொடு", "இந்த எண்ணுள்ள கட்டத்தில் இதை எழுது". 1986-ல் ஸ்கஸி என்னும் தரநிலை வந்தபோதும் அடிப்படை இதுதான்.

கோப்பு, கோப்புறை என்பதெல்லாம் வட்டுக்குத் தெரியாது. அவை இயங்குதளம் நடத்தும் கணக்கு. பழைய டாஸ் காலத்தில் ஒரு கோப்பை அழித்தால் என்ன நடந்தது தெரியுமா? கோப்பின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி ஒரு அடையாளம் போடுவார்கள். அது இருந்த கட்டங்களை அட்டவணையில் "காலி" என்று குறிப்பார்கள். கோப்பின் உள்ளடக்கம் அப்படியே வட்டில் இருக்கும். அதனால்தான் அழித்த கோப்பைத் திரும்ப எடுக்கும் மென்பொருள்கள் அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்தன.

ஒரு வட்டு, ஒரு கணினி என்று இருந்தவரை இதில் எந்தத் தொல்லையும் இல்லை. காலி என்று குறித்ததும் அதே இயங்குதளம்தான், பிறகு அந்த இடத்தை எடுத்துக்கொள்வதும் அதே இயங்குதளம்தான். வட்டுக்கு எதுவும் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு கணினிக்குள் பல கணினிகள்

இந்த நிலை மாறக் காரணம் மெய்நிகர் கணினிகள். இந்த எண்ணம் புதியதல்ல. ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்ற இயங்குதளத்தில் ஒரு பெரிய கணினியைப் பல சிறிய கணினிகள் போலக் காட்டியது. ஒரு வட்டைத் துண்டு போட்டு ஆளுக்கொரு சிறிய வட்டாகவும் கொடுத்தது. ஆனால் சாதாரணக் கணினிகளுக்கு இது வந்தது 1998-ல் விஎம்வேர் நிறுவனம் தொடங்கிய பிறகுதான். 1999-ல் அவர்களுடைய ஒர்க்ஸ்டேஷன் மென்பொருளும், 2001-ல் வழங்கிகளுக்கான ஈஎஸ்எக்ஸும் வெளிவந்தன.

மெய்நிகர் கணினியின் வன்தட்டு என்பது உண்மையில் தாய்க் கணினியில் இருக்கும் ஒரு பெரிய கோப்புதான். 100 ஜிபி வட்டு என்று உள்ளே காட்டினாலும், எழுத எழுதத்தான் அந்தக் கோப்பு வளரும்படி வைக்கலாம். இங்கேதான் சிக்கல் ஆரம்பம். உள்ளே இருக்கும் விண்டோஸோ லினக்ஸோ 40 ஜிபி கோப்புகளை அழித்தால் தன் அட்டவணையில் மட்டும் "காலி" என்று குறித்துக்கொள்ளும். வெளியே இருக்கும் தாய்க் கணினிக்கு இது தெரியவே தெரியாது. ஏனென்றால் அதன் காதில் விழுவது படி, எழுது என்ற இரண்டு கட்டளைகள்தான். ஆக, கோப்பு வளரும், சுருங்காது.

இல்லாத இடத்தைக் கொடுப்பது

அடுத்து வந்தது தின் புரொவிஷனிங் என்ற முறை. மெல்லிய ஒதுக்கீடு என்று சொல்லலாம். 1999-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 3பார் என்ற நிறுவனம் இதைப் பெரிய அளவில் பிரபலப்படுத்தியது. 2009-ல் விஎம்வேரின் விஸ்பியர் 4 பதிப்பிலும் இது எளிதாகக் கிடைத்தது.

கணக்கு இதுதான். 10 மெய்நிகர் கணினிகளுக்குத் தலா 100 ஜிபி என்று வாக்குக் கொடுக்கிறோம். மொத்தம் 1000 ஜிபி. ஆனால் ஒவ்வொருவரும் 30 ஜிபிதான் பயன்படுத்துகிறார்கள். எனவே 500 ஜிபி வட்டு ஒன்றே போதும், மிச்சத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். நல்ல சிக்கனம். இந்தத் தொழில்நுட்பத்தின் மதிப்பைப் புரிந்துகொள்ள ஒரு தகவல்: 2010-ல் 3பார் நிறுவனத்தை வாங்க டெல்லும் எச்பியும் போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொண்டே போயின. கடைசியில் எச்பி சுமார் 235 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்த முறையில் உள்ள ஆபத்தை எங்கள் திருவையாறு பக்கத்து ஆட்களுக்குச் சுலபமாக விளக்கிவிடலாம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதிலிருந்து திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, திருவையாற்றைத் தாண்டி, நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை வரை போய்ச் சேர வேண்டும். எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் ததும்பத் ததும்பக் கொடுக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்காது. தலைமடையில் இருப்பவர் தன் வயல் நிறைந்ததும் மடையை அடைத்துக் கீழே விட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் எட்டும். இல்லாவிட்டால் மேலே தேங்கி நிற்கும், கீழே பயிர் காயும்.

மெல்லிய ஒதுக்கீடும் இதேதான். எல்லோருக்கும் சேர்த்து இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்தாயிற்று. வேண்டாத இடத்தை ஒவ்வொருவரும் திருப்பிக் கொடுத்தால்தான் இது ஓடும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வயல் நிறைந்திருக்கிறதா என்று வரப்பில் நின்று கண்ணால் பார்த்துவிடலாம். வட்டுக்கு அந்தக் கண் இல்லை. எந்தக் கட்டம் பயனில் உள்ளது, எது குப்பை என்று அதனால் பார்த்துச் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் எழுதி, அழித்து, வேறு இடத்தில் எழுதி என்று போனால் ஒவ்வொரு மெய்நிகர் வட்டும் 100 ஜிபியை நோக்கி வீங்கிக்கொண்டே போகும். 500 ஜிபியும் தீர்ந்த நாளில், எழுத இடம் கேட்கும் மெய்நிகர் கணினிகள் அப்படியே நின்றுவிடும். ஒருவர் அழிக்காமல் வைத்ததால் அல்ல, அழித்ததைச் சொல்லாததால்!

பூஜ்யம் எழுதும் வைத்தியம்

ஆரம்பத்தில் இதற்கு ஒரு கைவைத்தியம் செய்தார்கள். மெய்நிகர் கணினிக்குள் காலியாக இருக்கும் இடம் முழுவதும் பூஜ்யங்களை எழுதி நிரப்புவது. பிறகு வெளியிலிருந்து அந்த வட்டுக் கோப்பைப் பார்த்து, பூஜ்யமாக இருக்கும் பகுதிகளை எல்லாம் வெட்டி எடுத்துவிடுவது. விண்டோஸில் இதற்கு மார்க் ருசினோவிச் எழுதிய எஸ்-டெலிட் என்ற சிறு நிரல் உதவியது. லினக்ஸில் டிடி என்ற கட்டளையே போதும். மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் விர்ச்சுவல்பாக்ஸில் வட்டுக் கோப்பைச் சுருக்கும் காம்பாக்ட் வசதியும் இந்தப் பூஜ்யங்களை நம்பித்தான் வேலை செய்கிறது. சில பெரிய சேமிப்பகங்கள் பூஜ்யம் எழுதப்படுவதைத் தாங்களே கண்டுபிடித்து, அந்த இடத்தை விட்டுவிடவும் கற்றுக்கொண்டன.

ஆனால் இந்த வைத்தியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இடத்தைக் குறைப்பதற்காக எழுதும் பூஜ்யங்களே முதலில் இடத்தைப் பிடிக்கும். 30 ஜிபியாக இருந்த வட்டுக் கோப்பு 100 ஜிபியாக வீங்கி, பிறகுதான் மெலியும். ஏற்கெனவே நிறையும் நிலையில் இருக்கும் சேமிப்பகத்தில் இதைச் செய்தால், காப்பாற்ற வந்த வைத்தியமே கவிழ்த்துவிடும்.

விஸ்கான்சினில் கேட்ட கேள்வி

இந்த நேரத்தில்தான் சில ஆராய்ச்சியாளர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேடிசன் வளாகத்தில், ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி-டுசோ என்ற இரு பேராசிரியர்களின் குழுவில் முத்தையன் சிவதாணு, லட்சுமி பைரவசுந்தரம், விஜயன் பிரபாகரன் ஆகியோர் இருந்தார்கள். பெயர்களைக் கேட்டாலே நம் காதுக்குப் பழகியவை.

2003-ல் இந்தக் குழு ஒரு கருத்தை முன்வைத்தது. வட்டு வெறும் கட்டங்களாகப் பார்க்காமல், மேலே இருக்கும் கோப்பு முறைமையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் என்ன? 2004 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஓஎஸ்டிஐ மாநாட்டில் சிவதாணுவும் பைரவசுந்தரமும் இரு பேராசிரியர்களும் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். "கட்டங்களின் அளவில் வாழ்வா சாவா" என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வட்டில் ஒரு கட்டம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று வட்டுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி.

அவர்கள் இரண்டு வழிகளை ஆராய்ந்தார்கள். முதல் வழி, வெளிப்படையாகச் சொல்வது. "இந்தக் கட்டத்தை விடுவித்துவிட்டேன்" என்று ஒரு புதிய கட்டளையைச் சேர்த்துவிடலாம். இரண்டாவது வழி, ஊகிப்பது. மேலிருந்து வரும் எழுத்துகளைக் கவனித்தே எது அழிக்கப்பட்டது என்று வட்டு கண்டுபிடிக்க வேண்டும். ஊகிப்பதில் உள்ள சிரமம் என்னவென்றால், இயங்குதளம் எல்லாவற்றையும் உடனே வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் வைத்திருந்து, வரிசை மாற்றி, தாமதமாக எழுதும். வட்டு அவசரப்பட்டு ஒரு கட்டத்தைச் செத்ததாக நினைத்தால், உயிருள்ள கோப்பு போய்விடும்.

அவர்களுடைய முடிவு நேர்மையானது. வெளிப்படையாகச் சொல்வதே எளிமையான, விரும்பத்தக்க வழி. ஊகிக்கும் வழியை யாரையும் கேட்காமல் உடனே பயன்படுத்தலாம், ஆனால் அதன் வெற்றி மேலே இருக்கும் கோப்பு முறைமையின் குணத்தைப் பொறுத்தது. 2006-ல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கோபாலன் சிவதாணு, சுவாமிநாதன் சுந்தரராமன், எரெஸ் ஸாடோக் மூவரும் இன்னொரு வழியைக் காட்டினார்கள். எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தைச் சுட்டுகிறது என்று வட்டிடம் சொல்லிவிட்டால் போதும், எவராலும் சுட்டப்படாத கட்டத்தை வட்டே குப்பை என்று எடுத்துக்கொள்ளும்.

டிரிம் – ஒரு புதிய வார்த்தை

ஆய்வுக் கட்டுரைகளால் மட்டும் தரநிலைகள் மாறுவதில்லை. மாற்றத்துக்குக் கட்டாயம் வர வேண்டும். அந்தக் கட்டாயம் எஸ்எஸ்டி வடிவில் வந்தது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேராக எழுத முடியாது. ஒரு பெரிய பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். எது குப்பை என்று தெரியாவிட்டால், எஸ்எஸ்டி குப்பையையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அலையும். வேகம் குறையும், ஆயுளும் குறையும்.

எனவே டிரிம் என்ற கட்டளை பிறந்தது. 2008 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.28 இதற்கான அடிப்படையைச் சேர்த்தது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 டிரிம் கட்டளையை அனுப்பியது. பெரிய சேமிப்பகங்களுக்கான ஸ்கஸி உலகில் இதே வேலைக்கு அன்மேப் என்ற கட்டளை வந்தது. ராமாக் வந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, படி, எழுது என்பவற்றோடு "வேண்டாம்" என்ற சொல்லும் சேர்ந்தது!

2011-ல் ஒரு சறுக்கல்

சரி, வார்த்தை கிடைத்துவிட்டது, இனி பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை.

2011-ல் வந்த விஸ்பியர் 5.0 பதிப்பில், ஒரு மெய்நிகர் கணினியை நீக்கினாலோ வேறு சேமிப்பகத்துக்கு மாற்றினாலோ, விஎம்வேர் தானாகவே அன்மேப் கட்டளையைச் சேமிப்பகத்துக்கு அனுப்பியது. ஆனால் சில சேமிப்பகங்கள் இந்தக் கட்டளையை நிறைவேற்ற மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டன. வேலைகள் தேங்கின. அந்த வசதியை நிறுத்தி வைக்கும்படி விஎம்வேரே சொல்ல வேண்டியதாயிற்று. 2012-ல் வந்த 5.0 அப்டேட் 1 பதிப்பில் நிர்வாகி கையால் கட்டளை கொடுத்து மீட்கும் முறை வந்தது. அந்த முறை காலி இடத்தில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தற்காலிகமாக ஒரு கோப்பால் பிடித்துவைத்து, பிறகு விடுவித்தது. சதவீதத்தை அதிகமாகக் கொடுத்தால் நடுவில் இடம் தீர்ந்துபோகும் அபாயம் இருந்தது. 2013-ன் 5.5 பதிப்பில் சிறுசிறு பகுதிகளாக மீட்கும் கட்டளை வந்தது. 2016 நவம்பரில் 6.5 பதிப்பு விஎம்எஃப்எஸ் 6 உடன் வந்த பிறகுதான் பின்னணியில், மெதுவாக, தானாக மீட்கும் முறை நிலைத்தது.

5 ஆண்டுகள்! கட்டளை கண்டுபிடிப்பதைவிட, அதை எப்போது, எவ்வளவு வேகத்தில் அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொள்வது கடினமாக இருந்திருக்கிறது. எல்லா மடையையும் ஒரே நேரத்தில் அடைத்தால் வாய்க்கால் கரை உடைந்துவிடும் அல்லவா, அதுபோலத்தான்.

பல வழங்கிகள் சேர்ந்த சேமிப்பகம்

இப்போது பல இடங்களில் தனிப் பெரிய சேமிப்புப் பெட்டிக்குப் பதிலாக, பல வழங்கிகளில் இருக்கும் வட்டுகளைச் சேர்த்து ஒரே சேமிப்பகமாகக் காட்டுகிறார்கள். சேஜ் வெய்ல் குழுவினர் 2006-ல் அறிமுகப்படுத்திய செஃப் என்ற திறந்த மூல மென்பொருள் இதில் புகழ்பெற்றது. இதில் ஒரு மெய்நிகர் வட்டு வழக்கமாக 4 எம்பி துண்டுகளாக உடைக்கப்பட்டு, பல வழங்கிகளில் பரவி இருக்கும். ஒரு வழங்கி பழுதானாலும் தகவல் போகாமல் இருக்க, வழக்கமாக ஒவ்வொரு துண்டுக்கும் 3 பிரதிகள் வைப்பார்கள்.

அப்படியானால் குப்பைக்கும் 3 பிரதிகள்! ஒரு மெய்நிகர் கணினியில் 100 ஜிபி அழித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால், வீணாவது 300 ஜிபி. மீட்டாலும் அதே கணக்குதான், 100 சொன்னால் 300 திரும்பக் கிடைக்கும். முழுத் துண்டும் காலி என்று தகவல் வந்தால் செஃப் அந்தத் துண்டையே நீக்கிவிடும். விஎம்வேரின் இதுபோன்ற சேமிப்பகமான விசானுக்கு இந்த வசதி 2018-ல்தான் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது அடுக்குகளின் எண்ணிக்கை. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் கோப்பு முறைமை சொல்ல வேண்டும். மெய்நிகர் வட்டுக் கருவி அதைக் கடத்த வேண்டும். தாய்க் கணினி கடத்த வேண்டும். சேமிப்பகம் கேட்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு அடுக்கு வாயை மூடிக்கொண்டாலும் செய்தி போய்ச் சேராது. லினக்ஸில் அதிகம் பயன்படும் விர்ட்டியோ பிளாக் என்ற மெய்நிகர் வட்டுக் கருவிக்கு இந்தச் செய்தியைக் கடத்தத் தெரிந்ததே 2019-ல் வந்த லினக்ஸ் 5.0-ல்தான். அதற்கு முன் அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்கள் உள்ளே எத்தனை முறை டிரிம் செய்தாலும் வெளியே எதுவும் கேட்டிருக்காது.

சொல்லாமல் இருக்கவும் காரணம் உண்டு

எல்லா இடத்திலும் சொல்லித்தான் ஆக வேண்டுமா? இல்லை. லினக்ஸில் முழு வட்டையும் மறையாக்கம் செய்யும் லக்ஸ் முறை, இந்தச் செய்தியைத் தானாகக் கீழே அனுப்பாது. எந்தக் கட்டங்கள் காலி என்று வெளியே தெரிந்தால், உள்ளே எவ்வளவு தகவல் இருக்கிறது, எந்தக் கோப்பு முறைமை என்றெல்லாம் அன்னியர் ஊகிக்க முடியும். வேண்டும் என்றால் நாமே அனுமதி கொடுக்கலாம். அதேபோல டிரிம் அனுப்பிய பிறகு, தவறுதலாக அழித்த கோப்பைத் திரும்ப எடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம். டாஸ் காலத்து அதிர்ஷ்டம் இனி இல்லை. சிக்கனத்துக்கும் ரகசியத்துக்கும் காப்புக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதனால் நமக்கு என்ன?

பெரிய நிறுவனங்களுக்கு இது சில வட்டுகளின் விலை. ஆனால் தஞ்சாவூர் போன்ற மாவட்டங்களில் உள்ள ஒரு சிறிய கல்லூரியோ மருத்துவமனையோ கூட்டுறவுச் சங்கமோ, ஒரு வழங்கியை வாங்கினால் அதை ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டும். சேமிப்பகம் நிறைந்து மெய்நிகர் கணினிகள் நின்றால் அன்று தேர்வு முடிவோ, நோயாளியின் பதிவோ, கடன் கணக்கோ நின்றுபோகும். புதிய வட்டுக்கு அனுமதி வர மாதங்கள் ஆகலாம். அத்தனை நாளும் தேவையான இடம் உள்ளேயே குப்பையாகக் கிடந்திருக்கும்.

எனவே கணினித் துறையில் படிக்கும் நண்பர்கள், ஒரு சேமிப்பகம் நிறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் முதலில் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். மெய்நிகர் கணினிகளுக்குள் உண்மையில் பயன்படும் இடம் எவ்வளவு? சேமிப்பகம் கொடுத்துவிட்டதாகச் சொல்லும் இடம் எவ்வளவு? பிரதிகளையும் பழைய ஸ்னாப்ஷாட்களையும் கழித்த பிறகும் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், எங்கோ ஓர் அடுக்கு பேசாமல் இருக்கிறது என்று அர்த்தம். மெய்நிகர் வட்டில் டிஸ்கார்ட் வசதி இயக்கப்பட்டுள்ளதா, லினக்ஸில் எஃப்எஸ்டிரிம் வாரம் ஒருமுறை ஓடுகிறதா என்று ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துக்கொண்டே போனால் பேசாத இடம் அகப்பட்டுவிடும்.

2004-ல் அந்த ஆய்வாளர்கள் சொன்னதுதான் கடைசியில் உலகம் முழுக்க நடைமுறைக்கு வந்தது. கீழே இருப்பவர் எவ்வளவு புத்திசாலியாக இருந்து ஊகித்தாலும், மேலே இருப்பவர் "போதும், எனக்கு வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஈடாகாது. கட்டளை இன்று பல கருவிகளில் இருக்கிறது. அதைச் சொல்ல வைப்பதுதான் நம் வேலை.